எலும்பும் நினைவும்

விடுதிக்குப் புதிதாக வரும் நண்பர் எவரேனும் "ஊர் எது?" என்று கேட்டால், கோலார் தங்கவயல் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் துருவி, தங்கவயலில் எந்தப் பகுதி என்று கேட்பவர் உண்டு. அவரிடம் "ஸ்கெலட்டன்" என்று உள்ளதைச் சொல்லியாக வேண்டும். உடனே சிரிப்பு எழும். "எலும்புக்கூட்டிலிருந்தா வருகிறாய்?" என்பார். இந்த வேடிக்கைக்கு நான் பழகிப்போனவன், கூடவே சிரித்துவிடுவேன். ஆயினும் சென்ற ஆண்டிலிருந்து அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம், சிரிப்புக்கு முன்னே ஒரு கட்டில் என் கண்முன் வந்து நிற்கின்றது. அதில் என் ஆயா படுத்திருக்கின்றார். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டியை ஆயா என்றே அழைப்போம்.

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, அந்தக் கட்டிலருகே எனக்குத் தோன்றிய ஐயத்தையே எடுத்துக்கொண்டேன். முதுமையில் எலும்பு தேய்வதற்கும் நினைவு தேய்வதற்கும் தொடர்பு உண்டா? நான் மருத்துவ மாணவன் அல்லன், உயிர்வேதியியல் படிப்பவன். ஆகையால் மருந்துச்சீட்டு எழுதும் துணிவு எனக்கு இல்லை. படித்ததையும் பார்த்ததையும் சொல்லுவேன்.

ஆயாவுக்கு வயது 74. விடியுமுன் தண்ணீர் பிடிக்க எழுந்தவர், வாசற்படியில் கால் இடறி ஒருக்களித்து விழுந்தார். மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற நிலையிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான். இடுப்பு மூட்டருகே தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. அது நன்றாகவே முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் இரவு நான் காவல் இருந்தேன். திடீரென எழுந்து உட்கார முயன்றவர், என் கையைப் பற்றிக்கொண்டு, "கண்ணு, சங்கு ஊதிட்டாங்க. தாத்தா ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போவணும். சோறு கட்டிட்டியா?" என்றார்.

தாத்தா மறைந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதற்குப் பின் பிறந்தவன் நான். வேலை முறை மாறும்போது ஊதும் அந்தச் சங்கை என் காதால் கேட்டதே இல்லை. அந்த இரவில் ஆயா அதை மூன்று முறை கேட்டார். எழுந்து போக வேண்டும் என்று கையில் குத்தியிருந்த குழாயைப் பிடுங்கினார். பணிப்பெண் ஓடிவந்து கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார். தூங்க ஊசி போட்டார்கள். மறுநாள் பகலெல்லாம் தூங்கி, இரவில் முன்னினும் அதிகமாகப் பிதற்றினார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "புத்தி பேதலிச்சுப் போச்சு, இனி தேறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்றார் இன்னொருவர். நானும் அப்படியே நம்பினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் முதிய மருத்துவர் ஒருவர் வந்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு எங்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். இவருடைய மூக்குக் கண்ணாடி எங்கே? இதற்கு முன் எப்போதாவது எலும்பு முறிந்ததா? விழுவதற்கு முன்பே மறதி இருந்ததா?

கண்ணாடி வீட்டில் இருந்தது. மற்ற இரண்டு கேள்விகளுக்கு நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆயாவின் மணிக்கட்டு முறிந்தது உண்மை. தரையில் வழுக்கிக் கையை ஊன்றியபோது நேர்ந்தது. எங்கள் பகுதியில் கை கால் முறிந்தால் பலரும் முதலில் நாடுவது புத்தூர்க் கட்டு. அதைத்தான் போட்டோம், எலும்பும் கூடிவிட்டது. அத்துடன் அதை மறந்துவிட்டோம். மறதியைப் பற்றி நாங்கள் எண்ணியதே இல்லை. ஆனால் சித்தி மெல்ல ஒன்றை நினைவுகூர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, லைன் வீட்டுப் பெண்கள் 40 பேரின் சீட்டுக் கணக்கைப் பல ஆண்டுகள் மனத்திலேயே வைத்து நடத்தியவர். யார் எந்த மாதம் எடுத்தார், யார் எவ்வளவு பாக்கி என்பதை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "கண்ணு சரியா தெரியல" என்று சொல்லி அவர் சீட்டை நிறுத்தியதும் அதே மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான். கண்ணுக்கும் மனக்கணக்குக்கும் என்ன தொடர்பு என்று அன்று எங்களில் எவரும் கேட்கவில்லை.

எலும்பு என்றால் உயிரற்ற சுண்ணாம்புத் தூண் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். பள்ளி ஆய்வகத்தில் தொங்கும் எலும்புக்கூடு தந்த தவறான பாடம் அது. உடலுக்குள் இருக்கும் எலும்பு ஓயாது இடிக்கப்படுவதும் கட்டப்படுவதுமான ஒரு பட்டறை. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் அணுக்கள் ஒரு வகை. அவை குடைந்த குழியில் புதிய எலும்பை நிரப்பும் அணுக்கள் மற்றொரு வகை. வளர்ந்த மனிதனின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா சொன்ன கதைதான் நினைவுக்கு வந்தது. சுரங்கத்தில் தாதுவை வெட்டி எடுத்த வெற்றிடத்தை அப்படியே விடமாட்டார்களாம். கருங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்து அடைப்பார்களாம். வெட்டுவது வேகமாகவும் அடைப்பது மெதுவாகவும் நடந்தால், ஒரு நாள் மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். தங்கவயலில் அப்படிப்பட்ட பாறை வெடிப்பில் மடிந்தவர்கள் பலர். முதுமையில் எலும்புக்கு நேர்வதும் இதுவே. வெட்டும் அணுக்கள் தம் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. அடைக்கும் அணுக்கள் தளர்ந்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வலியும் இராது. ஒரு நாள் வாசற்படியில் கால் இடறும்போதுதான் தெரியவரும்.

ஏறத்தாழ 30 வயதுக்குள் நம் எலும்பின் சேமிப்பு உச்சத்தை அடைந்துவிடுகின்றது. அதன் பின் செலவுதான். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் குறைவதால், அதையடுத்த சில ஆண்டுகளில் எலும்பு மிக விரைவாகக் கரைகின்றது. கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயாவுக்கு அந்தப் பருவம் வந்ததும் சுரங்கம் மூடியதும் ஏறத்தாழ ஒரே சமயம். சம்பளம் நின்ற வீட்டில் பாலும் முட்டையும் யாருக்குப் போயிருக்கும், யாருக்குப் போகாமல் நின்றிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. இது என் ஊகம். ஆய்வு முடிவு அன்று.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்னும் கருவி இருக்கின்றது. மிகக் குறைந்த எக்ஸ்-கதிரைக் கொண்டு, இளம் வயதினரின் சராசரியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்று அது கணக்கிட்டுச் சொல்லும். அந்தக் கணக்கு -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு நோய் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஆயினும் எங்கள் மாவட்டத்தில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. அது எலும்பில் சேர்ந்தால் படத்தில் எலும்பு அடர்ந்து தோன்றும். உண்மையில் அதன் தரம் கெட்டிருக்கும். இந்நோயை அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டு, ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கின்றனர். எண் நன்றாக இருக்கின்றது என்பதால் எலும்பும் நன்றாக இருக்கின்றது என்று எங்கள் ஊரில் சொல்லிவிட முடியாது.

இனி மூளைக்கு வருவோம். 60 வயதைக் கடந்த இந்தியருள் 100-க்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், அறிவுத் தேய்வு நோய்க்கு ஆளாகியிருப்பதாக 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெண்களுக்கும், கல்வி பெறாதவர்க்கும், நாட்டுப்புறத்தார்க்கும் அது அதிகம் என்றும் கண்டது. நம் வீடுகளில் இதை நோய் என்று எவரும் சொல்வதில்லை. "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றோம்.

இவ்விரண்டு தேய்வுகளும் தனித்தனியே நடக்கின்றனவா, கைகோத்துக்கொண்டு நடக்கின்றனவா? அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரின் மக்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகின்றனர். அவர்களுள் 987 முதியோரின் எலும்பை அளந்து, ஏறத்தாழ 8 ஆண்டுகள் கவனித்து, 2005-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொடை எலும்புக் கழுத்து மிக மெலிந்திருந்த பெண்களுக்கு ஆல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைப்போல் இருமடங்காக இருந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகப் புலப்படவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 3,651 பேரைத் தொடர்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும், அதே தொடை எலும்புக் கழுத்தின் மெலிவுதான் அறிவுத் தேய்வோடு சேர்ந்து காணப்பட்டது.

கனடா நாட்டினர் கேள்வியை மறுபுறமிருந்து கேட்டனர். நினைவு குறையத் தொடங்கியவரின் எலும்பு என்ன ஆகின்றது? 65 வயதைக் கடந்த 1,741 பெண்களையும் 620 ஆண்களையும் 1997 முதல் 2013 வரை கவனித்து, 2021-ஆம் ஆண்டில் எழுதினர். அறிவாற்றல் குறைந்த பெண்களிடம் எலும்பு இழப்பும் விரைவாக இருந்தது. எலும்பு முறியும் வாய்ப்பும் கூடியிருந்தது. எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் பாலம் தெரிகின்றது.

பாலம் தெரிகின்றது என்பதால் அதன் மீது வண்டியை ஓட்டிவிடலாமா? இங்கேதான் அறிவியல் மாணவர்களாகிய நாம் நின்று நிதானிக்க வேண்டும். எலும்பு மெலிவதால் நினைவு மங்குகின்றது என்று செய்தித்தாள்கள் எழுதிவிடும். இரண்டு சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு.

மூன்றாவதாக ஒன்று இரண்டையும் அரிக்கலாம். அதிகம் நடமாடாமை, உணவுக் குறைவு, உடல் எடை குறைதல், புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு ஆகிய யாவும் எலும்பையும் தாக்கும். மூளைக்கும் நல்லவை அல்ல. ஆயாவின் இரத்தத்திலும் அந்த வைட்டமின் மிகக் குறைவாக இருந்தது. வெயில் கொளுத்தும் நாட்டில் இப்படியா என்று வியந்தேன். பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு வெளியே எவ்வளவு வெயில் காய்ந்தால்தான் என்ன?

மற்றொரு வழியும் உண்டு. ஆல்சைமர் நோயின் புரதக் கசடுகள் மூளையில் சேரத் தொடங்குவது, மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே. அந்நாள்களிலேயே நோயாளி தம்மையறியாமல் நடையைக் குறைக்கின்றார்; உணவைக் குறைக்கின்றார்; வெளியே போவதைத் தவிர்க்கின்றார். எலும்பு மெலிவது அதன் விளைவாக இருக்கலாம். ராட்டர்டாம் ஆய்வில் இத்தொடர்பு முதல் பத்து ஆண்டுகளில் வலுவாகவும் பின்னர் மெலிந்தும் காணப்பட்டது இந்தக் கருத்துக்கே துணை செய்கின்றது. அப்படியானால் மெலிந்த எலும்பு நோயின் காரணம் அன்று. நோய் முன்னதாக அனுப்பிய தூதன்.

மூன்றாம் வழிதான் என் துறைக்கு நெருக்கமானது. எனக்கு ஆசையூட்டுவதும் அதுவே. எலும்பு மூளையோடு பேசுகின்றதாம். எலும்பு கட்டும் அணுக்கள் ஆஸ்டியோகால்சின் என்ற ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அது இரத்தத்தின் வழியே மூளைக்குச் சென்று நினைவாற்றலுக்கு உதவுகின்றது என்று அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கார்சென்டியின் குழுவினர் எலிகளில் கண்டு 2013-ஆம் ஆண்டில் எழுதினர். எலும்புக்குள் புதைந்திருக்கும் அணுக்கள் விடும் ஸ்கிளெரோஸ்டின் என்ற மற்றொரு புரதம் மூளைக்குள் புகுந்து நினைவைக் கெடுக்கின்றது என்று 2024-ஆம் ஆண்டில் வேறொரு குழு, இதுவும் எலிகளில், காட்டியது. கேட்கவே இனிமையாக இருக்கின்றது. ஆனால் ஆஸ்டியோகால்சின் அறவே இல்லாத எலிகளை வேறிரண்டு ஆய்வகங்கள் உருவாக்கிப் பார்த்து, அதற்குக் கூறப்பட்ட சுரப்பு நீர்ப் பணிகள் சிலவற்றைத் தாங்கள் காணவில்லை என்று 2020-ஆம் ஆண்டில் அறிவித்தன. வழக்கு இன்னும் மன்றத்தில் இருக்கின்றது.

இந்த வழக்கில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த சாட்சி ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு கரைகின்றது என்றால், அதை மருந்தாகக் கொடுத்துவிட்டால் எலும்பும் காக்கப்படும், நினைவும் காக்கப்படும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்தே பார்த்தனர். எலும்பைப் பொறுத்தவரை நம்பிக்கை பலித்தது. இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நினைவு என்ன ஆயிற்று? 65 வயதைக் கடந்த 4,532 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தைச் சோதித்த முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து உண்டவர்களிடம் அறிவுத் தேய்வு இருமடங்காக இருந்தது. ஒரே மருந்து எலும்பைக் காத்தது. மூளைக்குத் தீங்கு செய்தது. எலும்பை வலுவாக்கினால் நினைவும் தானே வலுவாகிவிடும் என்று எவரேனும் மருந்துப்புட்டியை நீட்டினால் இந்த 4,532 பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி மாத்திரையும் அப்படித்தான். குறை இருப்பவருக்கு அது தேவை. குறை உண்டா என்று பாராமல் 25,871 பேரைச் சேர்த்து நடத்திய அமெரிக்கச் சோதனையில், அது எலும்பு முறிவைக்கூடக் குறைக்கவில்லை என்று 2022-ஆம் ஆண்டில் தெரிந்தது.

நம் நாட்டவரின் எலும்புக்கும் மூளைக்கும் அயல்நாட்டுக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. விடை தேடும் முயற்சி ஒன்று எங்கள் கோலார் மாவட்டத்திலேயே நடக்கின்றது என்பதைப் பலர் அறியார். மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சீனிவாசபுரம் வட்டத்தின் சிற்றூர்களில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையத்தார் 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 45 வயதைக் கடந்த 10,000 பேரைச் சேர்த்து, நினைவுச் சோதனை, இரத்தச் சோதனை, மூளைப்படம் என்று பல்லாண்டுகள் தொடர்ந்து பார்ப்பது அவர்கள் நோக்கம். தங்கவயலிலிருந்து கூப்பிடு தூரம் அன்றாயினும் எங்களைப் போன்ற மண், எங்களைப் போன்ற நீர், எங்களைப் போன்ற உணவு.

காரணம் எதுவாயினும், எலும்பு முறிந்து படுத்துவிட்டவரிடம் இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன என்பதில் ஐயமில்லை. மறதியுள்ளவர் விழுகின்றார், விழுந்தவரின் மூளை மேலும் குழம்புகின்றது. ஆயாவுக்கு அந்த இரவுகளில் நேர்ந்ததற்கு மருத்துவ நூல்களில் 'டெலிரியம்' என்று பெயர். திடீர் மனக்குழப்பம் என்று தமிழில் சொல்லலாம். அது பைத்தியம் அன்று. அறிவுத் தேய்வு நோயும் அன்று. வலி, நீர் வற்றல், காய்ச்சல், தூக்கக்கேடு, சில மருந்துகள், பழகாத இடம் ஆகிய பலவும் சேர்ந்து தளர்ந்த மூளையை நிலைகுலையச் செய்யும் நிலை அது. பெரும்பாலும் வந்ததுபோல் போய்விடக்கூடியது. ஆனால் முன்பே தேயத் தொடங்கிய மூளையையே அது எளிதில் பற்றுகின்றது. சிலரிடம் அது போனபின் முன்னிருந்த நிலை முழுவதும் திரும்புவதில்லை. அம்முதிய மருத்துவர் மூன்றாம் கேள்வியை ஏன் கேட்டார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

இதைத் தடுக்கவும் முடியும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரை இரு பிரிவாக்கி அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தனர். முடிவு 2001-ஆம் ஆண்டில் வந்தது. ஒரு பிரிவினரை வழக்கம்போல் கவனித்தனர். மற்றப் பிரிவினரை முதியோர் மருத்துவர் ஒருவர் நாள்தோறும் வந்து பார்த்தார். முதற்பிரிவில் 100-க்கு 50 பேருக்கு மனக்குழப்பம் வந்தது. இரண்டாம் பிரிவில் 32 பேருக்கே வந்தது. அவர் செய்த மாயம் என்ன? வலியை அடக்கினார், தண்ணீரும் உணவும் போதுமா என்று பார்த்தார், வேண்டாத மருந்துகளை நிறுத்தினார், சிறுநீர்க் குழாயை விரைவில் எடுக்கச் செய்தார், எழுப்பி நடக்கவைத்தார், கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கையருகே இருக்கச் செய்தார். ஆயாவின் கண்ணாடியை நாங்கள் பத்திரமாக வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்!

மறுநாள் சித்தி கண்ணாடியைக் கொண்டுவந்தார். இரவில் ஒரு விளக்கை எரியவிட்டோம். வேற்று முகங்கள் வேண்டாம் என்று நாங்களே முறைபோட்டு உடனிருந்தோம். சங்கு ஊதியதா என்று கேட்டால் மறுத்து வாதாடாமல், "இது ஆஸ்பத்திரி ஆயா, நான்தான் இருக்கேன்" என்று சொல்லச் சொன்னார் மருத்துவர். பத்து நாள்களில் சங்கு ஊதுவது நின்றது. மூன்றாம் வாரம் என்னைப் பார்த்து, "பரீட்சை இல்லியா உனக்கு? இங்க எதுக்கு உக்காந்திருக்கே?" என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்க நாங்கள் எவ்வளவு ஏங்கியிருந்தோம்!

ஆனால் எல்லாம் திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து அமைதியான வேளையில் நினைவுச் சோதனை செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாக்கியம் எழுதச் சொல்லும் அயல்நாட்டுச் சோதனை பயன்படாது. அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் அத்தகையோருக்கென்றே இந்தியில் மாற்றி அமைத்த சோதனை ஒன்று 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் வழியைப் பின்பற்றித் தமிழில் கேட்டார்கள். தேய்வு தொடங்கியிருக்கின்றது, இன்னும் தொடக்க நிலை என்றார்கள். டெக்ஸா அளவு -2.5-க்கு வெகு கீழே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மணிக்கட்டு முறிந்த அன்று, நின்ற நிலையிலிருந்து விழுந்தவருக்கு ஏன் எலும்பு முறிய வேண்டும் என்று எங்களுள் ஒருவர் கேட்டிருந்தால், இடுப்பு தப்பியிருக்கக்கூடும். கல்லூரிப் படிப்பு உள்ளவன் அந்த வீட்டில் நான் ஒருவனே. நான் கேட்கவில்லை.

தங்கவயலில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளும் குறைவு. சுரங்கம் மூடியபின் இளைஞர்கள் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகின்றனர். பகலில் லைன் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. தூசியால் நுரையீரல் கெட்ட பழைய தொழிலாளர் சிலர் மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகின்றனர். அதுவும் எலும்பைத் தின்னும் மருந்துதான். தூக்க மாத்திரையோ கடையில் கேட்டால் கிடைத்துவிடுகின்றது. முதியவரை இரவில் தள்ளாடி விழச் செய்வதற்கும் பகலில் குழம்பச் செய்வதற்கும் அது ஒன்றே போதும்.

எலும்புக்கு மருந்து கொடுப்பது என்று முடிவானபோது ஒரு சிக்கல் வந்தது. வழக்கமான அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். ஞாயிறுதோறும் என்று வைத்து, நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போடச் சொன்னார் சித்தி. இரண்டாம் வாரம் ஆயா வட்டம் போட்டிருந்தார். மாத்திரை அட்டையிலேயே இருந்தது. நான்காம் வாரம் இரண்டு மாத்திரைகள் குறைந்திருந்தன, வட்டம் இல்லை. எலும்பைக் காக்கும் மருந்துக்கே நினைவு வேண்டியிருக்கின்றது.

மருத்துவரிடம் சொன்னோம். ஆண்டுக்கு ஒரே முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்து உண்டென்றார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட 2,127 பேரிடம் அதைச் சோதித்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கின்றனர்; புதிய முறிவுகள் 100-க்கு 35 அளவும், இறப்பு 28 அளவும் குறைந்தன. சிறுநீரகம் நன்றாக இருக்கின்றதா என்று பார்த்து, வைட்டமின் டி குறையை முதலில் சரிசெய்து, பிறகு ஏற்றினார்கள். நினைவுக்கு அதனால் நன்மை உண்டா என்று கேட்டேன். "அதை நான் சொல்லமாட்டேன்" என்றார். அந்த விடைக்காக அவர்மீது என் மதிப்பு உயர்ந்தது.

சென்ற விடுமுறையில் போனபோது ஆயா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். படியில் சித்தப்பா சிமெண்டுச் சரிவு போட்டுக் கைப்பிடிக் குழாயும் பதித்திருக்கின்றார். காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடக்கின்றார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கூட நடக்கின்றார். அந்த அம்மா ஒரு காலத்தில் ஆயாவிடம் சீட்டுப் போட்டவர். பழைய சீட்டில் யாருக்கு எந்த மாதம் விழுந்தது என்று இருவரும் வழக்காடிக்கொண்டே லைன் முனைவரை போய்த் திரும்புகின்றனர். யார் சொல்வது சரி என்று தீர்த்துவைக்க அங்கே ஏட்டுக் கணக்கு ஏதும் இல்லை. அடுத்த ஊசி வரும் ஆடி மாதம். அதை என் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கின்றேன்.